எந்தக் கதிருக்கு அஞ்ச வேண்டும்: தருமபுரி, கிருஷ்ணகிரி மக்களுக்கு ஒரு வழிகாட்டி

பாலக்கோட்டிலிருந்து இராயக்கோட்டை செல்லும் சாலையை ஒட்டிய ஒரு சிற்றூரில், சில ஆண்டுகளுக்கு முன்பு, கைப்பேசிக் கோபுரத்தை அகற்றக் கோரி ஊரார் மனு எழுதினார்கள். இயற்பியல் ஆசிரியர் என்பதால் என்னையும் அழைத்திருந்தார்கள். நிழலும் பெஞ்சும் இருந்த காரணத்தால் ஒரு வெல்டிங் பட்டறையின் வாசலில் கூடினோம். கையொப்பம் வாங்கி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் எங்களுக்கு நான்கடி தள்ளி, பதினாறு பதினேழு வயதுப் பையன் ஒருவன் இடது கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, முகமூடி இல்லாமல் இரும்புக் கதவுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். பள்ளி விட்டு வந்த சிறுவர்கள் மூன்று பேர் அந்த நீல ஒளியை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோபுரத்தின் கதிருக்குப் பயந்து கூடியிருந்த எங்களில் ஒருவரும் அந்தச் சிறுவர்களை அப்பால் போகச் சொல்லவில்லை. அன்று அந்த இடத்தில் இருந்த கதிர்வீச்சுகளிலேயே கண்ணையும் தோலையும் ஒரே நாளில் புண்ணாக்கக் கூடியது அந்த நீல ஒளி ஒன்றுதான்.

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் அஞ்சுவதோ, கண்ணுக்குத் தெரியாததால் அலட்சியம் செய்வதோ தேவையில்லை. எந்தக் கதிரானாலும் மூன்று கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்த்தால், எதிலிருந்து ஒதுங்க வேண்டும், எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். அந்தக் கேள்விகளையும், நம் இரு மாவட்டங்களில் அவற்றைப் பயன்படுத்த வேண்டிய இடங்களையும் இங்கே எழுதுகிறேன்.

முதல் கேள்வி: இது அயனியாக்கும் கதிரா?

அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி எறியும் அளவுக்கு ஆற்றல் உள்ள கதிரை அயனியாக்கும் கதிர்வீச்சு என்கிறோம். ஆல்ஃபா, பீட்டா, காமா, எக்ஸ் கதிர், நியூட்ரான் ஆகியவை இந்த வகை. வானொலி அலை, கைப்பேசி அலை, நுண்ணலை, அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி ஆகியவற்றுக்கு அந்த ஆற்றல் இல்லை. புற ஊதாக் கதிர் இவ்விரண்டுக்கும் நடுவே எல்லையில் நிற்கிறது. அதன் பெரும்பகுதி அயனியாக்குவதில்லை என்றாலும் மரபணுப் பொருளான டிஎன்ஏவை நேரடியாகத் தாக்கும் வலிமை அதற்கு உண்டு. இந்த இடைநிலைத் தன்மையால்தான் அதை வெறும் வெளிச்சம் என்று மக்கள் தவறாக எண்ணிவிடுகிறார்கள்.

கைப்பேசிக் கோபுரத்தை இந்தக் கேள்வியின் முன் நிறுத்திப் பாருங்கள். எந்த அலையும் ஆற்றலைச் சிறு சிறு பொட்டலங்களாகச் சுமந்து வருகிறது, அந்தப் பொட்டலத்தைத் துகள் (ஃபோட்டான்) என்பார்கள். கோபுரம் அனுப்பும் அலையின் ஒரு துகளுக்கு உள்ள ஆற்றல், ஓர் அணுவை அயனியாக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். கோபுரங்களை எத்தனை நட்டாலும் ஒரு தனித் துகளின் ஆற்றல் கூடுவதில்லை. இவ்வகை அலை உடலில் உண்டாக்குவதாக உறுதிப்பட்ட விளைவு வெப்பம் ஒன்றே. அதுவும் கோபுரத்தின் உச்சியில் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே, மிக அருகில் நின்றால் மட்டுமே பொருட்படுத்தத் தக்கது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2011இல் இந்த அலைகளை ‘புற்றுநோய் உண்டாக்க வாய்ப்பு இருக்கலாம்’ என்ற ஐயப் பட்டியலில் வைத்தது உண்மை. சூரியக் கதிரையும் எக்ஸ் கதிரையும் காமா கதிரையும் அதே முகமை ‘உறுதியாக உண்டாக்கும்’ என்ற முதல் பட்டியலில் வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தியாவில் 2012 முதல் கோபுரங்களுக்கான வரம்பு, பன்னாட்டுப் பரிந்துரையில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டுள்ளது. உங்கள் ஊர்க் கோபுரம் அந்த வரம்புக்குள் இருக்கிறதா என்று அறிய விரும்பினால், தொலைத்தொடர்புத் துறையின் தரங் சஞ்சார் இணையதளத்தில் பார்க்கலாம், அளந்து தரும்படியும் கேட்கலாம். சிட்டுக்குருவிகள் கோபுரத்தால் அழிந்தன என்று பலரும் சொல்வதற்கு உறுதியான சான்று இல்லை. நாட்டு ஓட்டு வீடுகள் போய்க் கூடு கட்டச் சந்து இல்லாத காங்கிரீட் வீடுகள் வந்ததையும், குஞ்சுகளுக்கு ஊட்டப் புழு பூச்சி குறைந்ததையும் முதலில் எண்ணிப் பார்ப்பது நல்லது.

இரண்டாம் கேள்வி: கதிரின் ஊற்று உடலுக்கு வெளியே இருக்கிறதா, உள்ளே போய்விட்டதா?

ஆல்ஃபா என்பது இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும் சேர்ந்த கனத்த துகள். காற்றில் சில சென்டிமீட்டர் போவதற்குள் ஓய்ந்துவிடும். ஒரு தாளும், நம் தோலின் மேலுள்ள இறந்த செல் அடுக்கும்கூட அதைத் தடுத்துவிடும். ஆனால் அதே ஆல்ஃபாவை உமிழும் தூசு மூச்சோடு நுரையீரலுக்குள் போனால், தடுக்க இறந்த தோல் அங்கே இல்லை. தன் ஆற்றல் முழுவதையும் சில செல்களின் மீதே கொட்டித் தீர்க்கும். அதனால்தான் கதிரியல் கணக்கில் ஆல்ஃபாவின் தீங்கை அதே அளவு காமாவைவிட 20 மடங்காக எடுத்துக்கொள்கிறார்கள். பீட்டா என்பது வேகமான எலக்ட்ரான். காற்றில் சில மீட்டர் வரை பாயும், தோலைச் சுடும், சில மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் நின்றுவிடும். காமாவும் எக்ஸ் கதிரும் ஒளியின் இனத்தைச் சேர்ந்தவை. உடலைத் துளைத்து மறுபுறம் வெளியேறும் இவற்றைக் குறைக்க ஈயமோ தடித்த காங்கிரீட் சுவரோ வேண்டும். நியூட்ரான் அணு உலைகளோடும் சில ஆய்வுக் கருவிகளோடும் தொடர்புடையது, நம் அன்றாட வாழ்வில் குறுக்கிடுவதில்லை. ஆகவே ஊற்று வெளியே இருந்தால் காமாவுக்கும் எக்ஸ் கதிருக்கும் அஞ்ச வேண்டும், உள்ளே போகக் கூடுமானால் ஆல்ஃபாவுக்கு அஞ்ச வேண்டும்.

மூன்றாம் கேள்வி: எவ்வளவு, எத்தனை நேரத்தில்?

ஒரு பொருளில் நொடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றன என்பதைப் பெக்கரல் அலகிலும், உடலில் எவ்வளவு ஆற்றல் இறங்கியது என்பதைக் கிரே அலகிலும், கதிரின் வகைக்கேற்ப அது உயிருக்கு எவ்வளவு தீங்கு என்பதைச் சீவர்ட் அலகிலும் சொல்வார்கள். நமக்குப் பெரிதும் பயன்படுவது சீவர்ட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிசீவர்ட். மண், பாறை, காற்று, உணவு, விண்வெளி ஆகியவற்றிலிருந்து உலக மக்கள் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் பெறுகிறார்கள். இது நாம் பிறக்கும் முன்பும் இருந்தது, தவிர்க்க இயலாதது. மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு 0.1 மில்லிசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. தலைக்கு எடுக்கும் சிடி ஸ்கேன் ஏறத்தாழ 2, அடிவயிற்றுக்கு எடுப்பது 8 முதல் 10 வரை. கதிரியல் பணியாளர்களுக்கு இந்தியாவில் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்தான் அனுமதி, எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது.

ஒரே நேரத்தில் உடல் முழுவதும் 1000 மில்லிசீவர்ட், அதாவது ஒரு சீவர்ட்டுக்கு மேல் பட்டால் வாந்தியும் சோர்வும் தொடங்கும், இரத்த அணுக்கள் குறையும். நான்கு கிரே அளவில் (காமாவுக்கும் எக்ஸ் கதிருக்கும் ஒரு கிரே என்பது ஒரு சீவர்ட்டுக்குச் சமம்) பட்டு, சிகிச்சையும் கிடைக்கவில்லை என்றால், பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் இரண்டு மாதத்துக்குள் இறந்துவிடுவார்கள். அதே அளவை ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகப் பெற்றால் இந்த உடனடி விளைவுகள் வருவதில்லை, ஏனெனில் செல்களுக்குப் பழுதுபார்த்துக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுவது எஞ்சி நிற்கும்.

உயிருக்குள் நடப்பது

நம் செல்லின் பெரும்பகுதி நீர். அயனியாக்கும் கதிர் ஒன்று செல்லுக்குள் புகும்போது நீர் மூலக்கூறைப் பிளந்து, எதனோடும் பாய்ந்து வினைபுரியும் துண்டுகளை உண்டாக்குகிறது. அவை டிஎன்ஏ இழைகளை அறுக்கின்றன. சில சமயம் கதிரே நேரடியாகவும் அறுத்துவிடுகிறது. முறுக்கிய கயிற்றில் ஒரு புரி மட்டும் அறுந்தால் மற்றதைப் பார்த்து ஒட்டிவிடலாம். இரண்டு புரியும் ஒரே இடத்தில் அறுந்தால் எந்த முனையை எதனோடு ஒட்டுவது என்பதில் பிழை நேரும். பழுது சரியானால் ஒன்றுமில்லை. சரிசெய்ய முடியாவிட்டால் செல் இறந்துவிடும். தவறாக ஒட்டப்பட்டும் பிழைத்துக்கொண்டால், அந்தப் பிழை செல் பிரியும்போதெல்லாம் பெருகும். கதிரால் வரும் புற்றுநோய் பல ஆண்டுகள் கழித்தே தலைகாட்டுவதற்கு இதுதான் காரணம்.

வேகமாகப் பிரியும் செல்களே முதலில் அடிபடும் என்பதை பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் பெர்கோனியேயும் டிரிபோந்தோவும் 1906லேயே கண்டு சொன்னார்கள். எலும்பு மஜ்ஜை, குடலின் உள்தோல், மயிர்க்கால், விந்தகம், வளரும் கரு ஆகியவை அத்தகையவை. புற்றுநோய்க்குக் ‘கரண்ட் வைத்தவர்களுக்கு’ வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் வருவதும், தலைக்கு வைத்தால் முடி உதிர்வதும் இதனால்தான். புற்றுக்கட்டியின் செல்களும் ஓயாமல் பிரிவதால் அதே கதிர் அங்கே மருந்தாகிறது. நாளொன்றுக்கு இரண்டு கிரே வீதம் பிரித்து, கட்டியின் மேல் மட்டும் குறிவைத்து, மொத்தம் 60 கிரே வரைகூடக் கொடுக்கிறார்கள். ஊரில் சிலர் அஞ்சுவது போல, வெளியிலிருந்து கரண்ட் வைத்துக்கொண்டவரின் உடலிலிருந்து கதிர் வராது. அவரைத் தனித்தட்டில் சாப்பிட வைப்பதும் பேரப்பிள்ளைகளை அண்டவிடாமல் தடுப்பதும் அவருக்குச் செய்யும் கொடுமை.

எல்லா உயிருக்கும் ஒரே தாங்குதிறன் இல்லை. மனிதனையும் மாட்டையும் சில கிரேயே சாய்த்துவிடும். பூச்சிகளை மலடாக்க நூற்றுக்கணக்கான கிரே தேவைப்படலாம். உலர்ந்த விதை சில நூறு கிரேயைத் தாங்கி முளைக்கும். டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் என்ற பாக்டீரியா 5000 கிரேயையும் தாங்கி, துண்டு துண்டான தன் டிஎன்ஏவைத் திரும்பக் கோத்துக்கொள்கிறது. 1986இல் செர்னோபில் விபத்துக்குப் பின் அணு உலையை ஒட்டிய பைன் காடு செம்பழுப்பாகிச் செத்தது. அதே இடத்தில் இருந்த இலையுதிர் மரங்களில் பல பிழைத்துக்கொண்டன. அந்த விபத்தில் சுற்றுவட்டாரக் குழந்தைகளுக்குத் தைராய்டு புற்றுநோய் வந்த வழி நமக்கும் பாடம்: கதிரியக்க அயோடின் புல்லில் படிந்தது, பசு மேய்ந்தது, பால் குழந்தைக்குப் போயிற்று.

வெல்டிங் ஒளியும் வெயிலும்

ஓசூரின் தொழிற்கூடங்களிலும் நம் ஊர்களின் சாலையோரப் பட்டறைகளிலும் வெல்டிங் வைக்காத நாள் இல்லை. வெல்டிங் பொறியிலிருந்து புற ஊதாவின் மூன்று பிரிவுகளும் வெளிப்படுகின்றன. சூரியனிலிருந்து வருவதில் மிகக் கொடிய பிரிவை வானத்து ஓசோன் படலம் வடிகட்டிவிடுகிறது. பட்டறையில் அப்படி வடிகட்ட ஒன்றும் இல்லை. பார்க்கும்போது வலிக்காது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலைக் கொட்டித் தேய்த்தது போன்ற உறுத்தலும் நீர் வடிதலும் தொடங்கும். விளக்கைப் பார்க்க முடியாது. கருவிழியின் மேல்தோல் வெந்துபோனதன் விளைவு இது. நம் பக்கத்தில் தாய்ப்பால் விடுவதும், வெண்ணெய் தடவுவதும், உருளைக்கிழங்கை வெட்டிக் கண்மேல் வைத்துக் கட்டுவதும் வழக்கம். வெந்த கருவிழியின் மேல் இவற்றைப் போடுவது கிருமியை அழைத்து வைப்பதாகும். இருட்டறையில் கண்ணை மூடிப் படுத்து, இமைமேல் சுத்தமான குளிர்ந்த துணியை ஒற்றி வைத்து, காலையில் கண் மருத்துவரைப் பாருங்கள். ஒன்றிரண்டு நாளில் பெரும்பாலும் ஆறிவிடும். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி வைத்துக்கொண்டு அடிக்கடி விடுவது கருவிழியை நிலையாகக் கெடுக்கும்.

முகமூடியின் கண்ணாடியில் எண் போட்டிருக்கும். வழக்கமான குச்சி வெல்டிங்குக்கு 10 அல்லது 11 வேண்டும். கறுப்புக் கூலிங்கிளாஸ் போதாது. ஒளி பக்கவாட்டிலும் சுவரில் பட்டும் திரும்பும் என்பதால் பட்டறையைச் சுற்றித் தார்ப்பாய்த் திரை கட்டுங்கள், முழுக்கைச் சட்டை போடுங்கள். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளைத் துரத்தினால் போகமாட்டார்கள், திரை கட்டினால் போய்விடுவார்கள். வெல்டிங்கிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் கண்ணில் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்று 2017இல் மேற்சொன்ன புற்றுநோய் முகமை அறிவித்தது.

வெயிலைப் பற்றி நம்மிடையே ஒரு தவறான கணக்கு இருக்கிறது. தருமபுரியில் மே மாதத்தில் அனல் அடிக்கும்போது ஒதுங்குபவர்கள், ஓசூர் குளிராக இருக்கிறது என்று அங்கே நாள் முழுவதும் திறந்த வெளியில் நிற்கிறார்கள். வெப்பம் வேறு, புற ஊதா வேறு. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதா சுமார் பத்து சதவீதம் கூடும். குளிர்காற்றில் தோலுக்குச் சூடு உறைக்காது, செல்லுக்கு அடி விழுந்துகொண்டே இருக்கும். கருவி எதுவும் இல்லாமல் அளக்க ஒரு வழி உண்டு: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் புற ஊதா கடுமையான நேரம். ரோஜாத் தோட்டத்திலும் தக்காளிக் கொல்லையிலும் களையெடுப்போர் அந்த நேரத்தில் தலைக்கு முண்டாசோடு நிற்காமல், முகத்துக்கும் கண்ணுக்கும் நிழல் விழும்படி அகன்ற விளிம்புத் தொப்பி அணிவது கண்புரை விரைந்து வராமல் தடுக்க உதவும். நம் கறுப்புத் தோலின் நிறமி தோல் புற்றைப் பெருமளவு தடுக்கிறது. கண்ணுக்கு அந்தப் பாதுகாப்பு அவ்வளவாக இல்லை. மாட்டுக்கும் இதே நியாயம்தான். கண்ணைச் சுற்றி வெள்ளையாக இருக்கும் கலப்பினப் பசுக்களுக்கு வெயிலால் கண்ணில் புற்று வர வாய்ப்பு அதிகம். இமையோரத்தில் சிவந்த சதை வளரக் கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள், தொழுவத்துக்கு நிழல் போடுங்கள்.

கல், காற்று, தண்ணீர்

பர்கூர், ஜெகதேவி பக்கத்துக் கல்லை அறுத்து உலகெங்கும் அனுப்புகிற மாவட்டம் நம்முடையது. கிரானைட்டில் கதிரியக்கம் உண்டா என்று கேட்டால், உண்டு. ஒரு டன் கல்லில் சில கிராம் யுரேனியமும் அதைவிடச் சில மடங்கு தோரியமும் இருப்பது இயல்பு. கருங்கிரானைட் என்று விற்கும் கல் புவியியல்படி டோலரைட் என்ற வேறு இனம், அதில் இன்னும் குறைவு. சமையலறை மேடையில் பதித்த கல்லால் உங்களுக்கு நேரும் கதிர் மிக அற்பமானது, அதற்காகக் கல்லைப் பெயர்க்க வேண்டாம்.

கவனிக்க வேண்டியது ரேடான். பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் ரேடான் என்ற நிறமும் மணமும் இல்லாத வாயுவாகிறது. நான்கு நாளுக்குள் பாதி சிதைந்துவிடும் இந்த வாயு, சிதையும்போது ஆல்ஃபாவை உமிழும் திடத் துகள்களாக மாறி நுரையீரலில் ஒட்டிக்கொள்கிறது. புகைபிடித்தலுக்கு அடுத்து நுரையீரல் புற்றுக்கு முக்கியக் காரணம் ரேடான்தான் என்று உலக நலவாழ்வு நிறுவனம் சொல்கிறது. பீடி பிடிப்பவருக்கு இரண்டும் சேர்ந்து ஆபத்தைப் பன்மடங்காக்கும். புகையிலையிலேயே ஆல்ஃபா உமிழும் பொலோனியம் சிறிதளவு இருக்கிறது. திண்ணையும் முற்றமும் வைத்துக் கட்டிய பழைய வீட்டில் ரேடான் தங்க இடமில்லை. தரைத்தளத்தில் சன்னலை அடைத்து ஏசி போட்ட அறை, நெல் மூட்டை அடுக்கும் இருட்டறை, நிலவறை ஆகியவற்றில் அது தேங்கலாம். தரை விரிசலைப் பூசி அடைத்து, எதிரெதிர்ச் சன்னல்களை நாளுக்குச் சில மணி நேரமாவது திறந்து வைத்தால் போதும்.

குவாரியிலும் பாலிஷ் பட்டறையிலும் வேலை செய்வோரிடம் ஒன்றை வலியுறுத்திச் சொல்வேன். உங்கள் நுரையீரலைத் தின்பது அந்தக் கல்லின் கதிர் அன்று, அதன் தூசு. சிலிக்கா தூசு தரும் சிலிக்கோசிஸ் நோய்க்கு மருந்து இல்லை. தண்ணீர் பாய்ச்சி அறுங்கள், துண்டைக் கட்டிக்கொள்ளாமல் என்95 முகக்கவசம் போடுங்கள்.

ஆழ்துளைக் கிணறுகள் பாறைக்குள் ஆழமாகப் போகப் போக, நீரில் யுரேனியம் கரைந்து வரக்கூடும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம். இங்கே அச்சம் கதிரால் அன்று. ஈயத்தைப் போல யுரேனியமும் ஒரு கன உலோக நஞ்சு, சிறுநீரகத்தைக் கெடுப்பது. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது போகாது, நீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். ஆர்ஓ கருவி பெரும்பகுதியை நீக்கிவிடும். பரிசோதனைக்குக் கொடுக்கும்போது யுரேனியத்தையும் பார்க்கும்படி தனியாகக் கேளுங்கள், வழக்கமான பட்டியலில் அது இருப்பதில்லை. ஃபுளூரைடால் பல்லும் எலும்பும் கறைபட்டு வளைந்த தலைமுறையைக் கண்ட மாவட்டம் என்பதால், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் ஊர்களில் குடிக்கவும் சமைக்கவும் அதையே பயன்படுத்துவது இரண்டு தொல்லைக்கும் ஒரே தீர்வு.

பழைய பொருள் ஒன்றையும் குறிப்பிட வேண்டும். தெருக்கூத்துக்கும் கல்யாணத்துக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கு கட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்த விளக்கின் வலை போன்ற மேன்டில் வெண்மையாகப் பளிச்சிட்டது அதில் ஊறவைத்த தோரியத்தால். தோரியம் ஆல்ஃபா உமிழ்வது. எரிந்த மேன்டில் தொட்டால் வெள்ளைச் சாம்பலாக உதிர்ந்துவிடும். அந்தச் சாம்பலை வாயால் ஊதித் தள்ளுவதை நான் சிறுவயதில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விளக்கை வைத்திருப்பதில் தவறில்லை. பரணில் பழைய மேன்டில் பொட்டலங்கள் இருந்தால் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். சாம்பலை ஈரத்துணியால் துடைத்தெடுத்துக் கையைச் சோப்பால் கழுவுங்கள்.

மருத்துவமனையில்

எக்ஸ்ரே எடுத்தபின் உடலில் கதிர் தங்குவதில்லை. பொத்தானை விட்டதும் விளக்கை அணைத்தது போல அது நின்றுவிடும். வயிற்று ஸ்கேன் என்று நாம் சொல்லும் அல்ட்ராசவுண்டு ஒலியலை. எம்ஆர்ஐ காந்தம். இவ்விரண்டிலும் அயனியாக்கும் கதிர் இல்லை. சிடி ஸ்கேனில் உண்டு, அதுவும் மார்பு எக்ஸ்ரேயைப் போல் பல பத்து மடங்கு உண்டு. விபத்தில் அடிபட்டவருக்கு மருத்துவர் சிடி எழுதினால் தயங்காமல் எடுங்கள். உயிரைக் காக்கும் அந்தப் படத்தின் முன் பத்து மில்லிசீவர்ட் பொருட்டே அன்று. தலைவலிக்கு நீங்களாகப் போய்ச் சிடி கேட்பதும், ஒரு மருத்துவமனையில் எடுத்த படத்தை வீட்டில் வைத்துவிட்டு அடுத்த மருத்துவமனையில் மறுபடி எடுப்பதும்தான் தவிர்க்க வேண்டியவை. படங்களையும் அறிக்கைகளையும் ஒரே பையில் போட்டு, போகுமிடமெல்லாம் எடுத்துச் செல்லுங்கள்.

கருவுற்றிருக்கலாம் என்று சிறு ஐயம் இருந்தாலும், நாள் தள்ளிப்போயிருந்தாலும், எக்ஸ்ரே அறைக்குள் போகும் முன்பே சொல்லிவிட வேண்டும். எட்டாவது வாரம் முதல் பதினைந்தாவது வாரம் வரை கருவின் மூளை கதிருக்கு மிகவும் இளகிய நிலையில் இருக்கும். தெரியாமல் ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துவிட்டால் அதற்காகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. கருவுக்குத் தீங்கு தெரியத் தொடங்கும் அளவு ஏறத்தாழ 100 மில்லிகிரே, அந்த எக்ஸ்ரேயில் கருவுக்குப் போவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிள்ளையைப் பிடித்துக்கொள்ள அறைக்குள் ஒருவர் இருந்தே ஆக வேண்டுமென்றால், கருவுறாத ஒருவர் ஈய மேலங்கி கேட்டு வாங்கி அணிந்து நிற்கட்டும். மற்றவர்கள் கதவுக்கு வெளியே நிற்கட்டும். தொலைவு இரட்டித்தால் கதிர் நாலில் ஒரு பங்காகும், மும்மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்காகும்.

தைராய்டுக்குக் கதிரியக்க மருந்தான அயோடின் 131 குடிக்கக் கொடுத்திருந்தால் மட்டும் நிலைமை வேறு. அங்கே ஊற்றே உடலுக்குள் இருக்கிறது, அது பாதியாகக் குறைய எட்டு நாள் ஆகும். மருத்துவர் சொல்லும் நாள்வரை பிள்ளைகளிடமிருந்தும் கருவுற்ற பெண்களிடமிருந்தும் விலகியிருப்பதும், தனிக் கழிவறையைப் பயன்படுத்துவதும், பால் கொடுக்கும் தாய் அந்தக் குழந்தைக்குப் பாலூட்டுவதை அறவே நிறுத்துவதும் கட்டாயம்.

மாம்பழமும் விதையும்

கிருஷ்ணகிரி விவசாயிகள் கதிர்வீச்சை நல்ல வேலைக்குப் பயன்படுத்துவதையும் அறிந்திருக்க வேண்டும். மாங்கொட்டைக் கூன்வண்டு தன் நாட்டுக்குள் வந்துவிடும் என்று அஞ்சி நெடுங்காலம் நம் மாம்பழத்தைத் தடுத்து வைத்திருந்த அமெரிக்கா, குறைந்தது 400 கிரே காமா கதிர் பாய்ச்சிய பழத்தை 2007 முதல் ஏற்கிறது. வண்டு பெருக முடியாமல் போகும், பழம் கதிரியக்கம் அடைவதில்லை. இதற்குப் பயன்படும் கோபால்ட் 60 என்ற கதிரியக்கப் பொருளின் காமாவுக்குப் பழத்தின் அணுக்கருவை மாற்றும் ஆற்றல் கிடையாது. இவ்வாறு பதப்படுத்திய உணவின் உறையில் வட்டத்துக்குள் செடி போன்ற பச்சைக் குறி இருக்கும். அந்தக் குறியைக் கண்டு ஒதுங்குகிறவர்கள், கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த பழத்தைத் தயங்காமல் தின்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

எக்ஸ் கதிரால் பழ ஈக்களின் மரபணுவை மாற்ற முடியும் என்று ஹெர்மன் முல்லர் 1927இல் காட்டினார், அதற்காக 1946இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில்தான் பாபா அணு ஆராய்ச்சி மையம் டிஏஜி 24 போன்ற நிலக்கடலை ரகங்களை உருவாக்கியது. விதையில் கதிர் பாய்ச்சி, மாறி முளைத்த செடிகளில் நல்லவற்றைப் பல தலைமுறை பொறுக்கி எடுத்து, பிற ரகங்களோடு இனக்கலப்புச் செய்து வந்தவை அவை. அந்தக் கடலையில் கதிர் இல்லை.

காயலான் கடையில்

கடைசியாக, உண்மையிலேயே உயிரைப் பறிக்கக் கூடிய ஒன்று. 2010 ஏப்ரலில் டெல்லி மாயாபுரியில், ஒரு பல்கலைக்கழகம் ஏலத்தில் கழித்துவிட்ட பழைய கருவியைக் காயலான் கடையில் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட் 60 இருந்தது. பலர் கதிர்ப்புண்ணோடு மருத்துவமனையில் கிடந்தார்கள், ஒருவர் இறந்தார். 1987இல் பிரேசிலின் கொயானியாவில், கைவிடப்பட்ட மருத்துவமனைக் கருவியை உடைத்தவர்கள் இருட்டில் நீலமாக மினுங்கிய சீசியம் 137 தூளை அழகு பார்த்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். உடலில் பூசிக்கொண்டார்கள். ஆறு வயதுச் சிறுமி உட்பட நான்கு பேர் இறந்தார்கள்.

ஓசூர் முதல் தருமபுரி வரை தேசிய நெடுஞ்சாலையோரம் எத்தனையோ காயலான் கடைகள் இருக்கின்றன. ஆலைகளில் பற்றவைத்த இணைப்புகளைச் சோதிக்க இரிடியம் 192 பயன்படுத்தும் கருவிகள் உண்டு. அவற்றிலுள்ள ஊற்று விரல் நுனி அளவுதான். ஆகவே கடை வைத்திருப்போரும் அங்கே வேலை செய்வோரும் இந்த அடையாளங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: மஞ்சள் நிறத்தின் மேல் மூன்று இதழ் விசிறி போன்ற குறி, சிவப்பு முக்கோணத்தில் அந்த விசிறியும் மண்டையோடும் ஓடும் மனிதனும், அளவுக்குப் பொருந்தாத கனம், வெட்டினால் உள்ளே ஈய உறை. இவற்றில் எதைக் கண்டாலும் வெட்டுவதை நிறுத்துங்கள். கையால் தொடாதீர்கள், பையில் போட்டு எடுத்துப் போகாதீர்கள், ஏரியிலோ கிணற்றிலோ வீசாதீர்கள். எல்லாரும் குறைந்தது முப்பது நாற்பது மீட்டர் விலகி நின்று, வேறு யாரையும் அருகே விடாமல், 112ஐ அழைத்துக் கதிரியக்கப் பொருளாக இருக்கலாம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மும்பையிலுள்ள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கும், அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கும் செய்தியைச் சேர்ப்பது காவல்துறை, மாவட்ட நிர்வாகத்தின் வேலை.

ஏற்கெனவே தொட்டுவிட்டவர் உடனே மேலாடையைக் கழற்றி ஒரு பையில் கட்டித் தொலைவில் வைக்க வேண்டும். சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும், தோலைச் சிராய்க்கும்படி தேய்க்கக் கூடாது. கழுவி முடிக்கும்வரை பீடி, வெற்றிலை, டீ எதையும் வாயில் வைக்கக் கூடாது. நெருப்பில் சுட்ட நினைவே இல்லாமல் கையில் கொப்புளம் வந்தாலோ, அதே கடையில் இரண்டு மூன்று பேருக்குக் காரணமில்லாமல் வாந்தி வந்தாலோ, மருத்துவரிடம் ‘கெட்டதைத் தின்றுவிட்டேன்’ என்று சொல்லாதீர்கள். எந்த நாளில், எந்த இரும்பை, எவ்வளவு நேரம் கையில் வைத்திருந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.